பயிர் பச்சையாக நின்றால் போதுமா?



நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் வந்து சேருகிற ஓர் ஏரி. ஏரிக்குக் கீழே ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரியவர் அரை ஏக்கரில் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் போட்டு வந்தார். விடியற்காலையில் வீட்டம்மாவும் மருமகளும் கட்டுக் கட்டி, பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார்கள். டவுனில் முலாம் பூசும் பட்டறைகள் பெருகி, அந்தக் கழிவும் அதே சாக்கடையில் கலக்க ஆரம்பித்திருந்தது. மண்ணிலும் கீரையிலும் மாதிரி எடுக்க நாங்கள் போனபோது பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னா சார், விஷம் விஷம்ங்கிறீங்க? விஷம் இருந்தா பயிரு கருகணுமா இல்லையா? பாருங்க, தளதளன்னு நிக்குது. பூச்சிகூட அண்டல. இதுல எங்கேர்ந்து விஷம் வரும்?"

நியாயமான கேள்விதான். உப்பு ஏறினால் பயிர் காய்கிறது. களைக்கொல்லி தெறித்தால் கருகுகிறது. அப்படியிருக்க, விஷ உலோகம் ஏறினால் மட்டும் பயிர் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்த உலோகங்களைச் சொல்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், பாதரசம், இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஆர்சனிக் என்கிற பாஷாணம். இவற்றைக் கன உலோகங்கள் என்பார்கள். துத்தநாகமும் தாமிரமும்கூட இந்தக் குடும்பம்தான். நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் போடுகிறோம். அது குறைந்தால் பயிர் குன்றிப் போகிறது. ஆனால் அதே துத்தநாகம் அளவுக்கு மீறினால் வேரைச் சுடும். காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் அந்த இரண்டு பக்கமும் கிடையாது. பயிருக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னே ஏன் உள்ளே எடுத்துக்கொள்கிறது என்றால், வேருக்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. மாங்கனீசையும் துத்தநாகத்தையும் உள்ளே விடுகிற அதே வாசலில் காட்மியம் நுழைந்துவிடுகிறது. மணிச்சத்து வாசலிலும், நெல்லில் மணிச்சத்து வாசலோடு மணல்சத்தாகிய சிலிக்கா வாசலிலும் பாஷாணம் நுழைகிறது. மஞ்சள் குரோமியம் கந்தகச்சத்து போகிற வழியில் போகிறது. வேஷம் போட்டுக்கொண்டு வருகிற திருடன் மாதிரி.

உள்ளே வந்த உலோகம் சும்மா இருக்காது. இரும்பும் மக்னீசியமும் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். இலையின் பச்சையம் வெளுக்கும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உயிரணுக்களுக்குள்ளே ஒரு துருப்பிடிப்பு நடக்கும். முதலில் அடிபடுவது வேர் நுனி. நீண்டு ஓட வேண்டிய வேர் குட்டையாக, தடித்து, பழுப்பாக நின்றுவிடும். மேலே இலை நன்றாக இருக்கும்போதே கீழே வேர் இப்படி ஆகியிருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால் இலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, வேரைப் பாருங்கள்.

இதையெல்லாம் எதிர்த்துச் செடி என்ன செய்கிறது? ஓடிப்போக அதற்குக் கால் இல்லை. நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதனால் வாசலிலிருந்து பரண் வரைக்கும் பல ஏற்பாடுகள் வைத்திருக்கிறது.

வாசலுக்கு வெளியிலேயே ஒரு காவல். சில பயிர்களின் வேர் நுனி, புளியம்பழத்தில் இருப்பதுபோன்ற புளிப்புப் பொருள்களை மண்ணில் கசியவிடும். அந்தப் புளிப்பு, உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடும்; கட்டுண்டது வேருக்குள் போகாது. புளித்த மண்ணில் அலுமினியம் பயிரைக் கெடுக்கும். அதைத் தாங்குகிற கோதுமை ரகங்கள் இந்த வித்தையால்தான் பிழைக்கின்றன. வேரோடு உறவாடும் வேர்ப்பூசணங்களும் ஓரளவு உலோகத்தைத் தங்கள் இழைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நெல்லுக்கு இன்னொரு வழி உண்டு. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேற்றிலிருந்து நெல் பயிரைப் பிடுங்கினால் வேர் செம்பழுப்பாக, காவி பூசின மாதிரி இருக்கும். நெல் தண்டுக்குள்ளே காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை இழுத்த காற்றை அந்தக் குழாய் வழியாக வேருக்கு அனுப்பும். வேரிலிருந்து கசியும் காற்று பட்டு, சேற்றிலுள்ள இரும்பு துருவாக மாறி வேர்மேல் படியும். அந்தக் காவிதான் கவசம். பாஷாணம் வந்தால் பெரும்பகுதி அந்தத் துருவிலேயே ஒட்டிக்கொள்ளும். வேர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை என்று அர்த்தம். அங்கே கவசமும் இல்லை.

இதையும் மீறி உள்ளே வந்தால் வேரின் சுவரே கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் இந்த வேர்ச் சுவரோடு நின்றுபோகும். மேலே இலைக்கும் மணிக்கும் ஏறுவது சொற்பம்.

அடுத்த ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வைத்தியர் வீட்டில் லிங்கம் என்று ஒரு சிவப்புக் கட்டி பார்த்திருப்பீர்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது அது. ஓடி ஓடிப் பிடிபடாத பாதரசத்தைக் கந்தகம் கட்டிப்போட்டிருக்கிறது. பூமிக்குள்ளே ஈயம் கிடைப்பதும் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்துதான். இந்த உலோகங்களுக்குக் கந்தகம் என்றால் அப்படி ஒரு பிடிப்பு. இதைச் செடி அறிந்து வைத்திருக்கிறது! காட்மியம் உள்ளே வந்ததும், கந்தகம் பதித்த சின்னச் சின்னச் சங்கிலிகளைச் செடி தயார் செய்கிறது. இதை 1985-ல் ஜெர்மனி தேசத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எந்தச் செடியில் என்றால், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவின் உயிரணுக்களில். பிறகு பார்த்தால் புல், பூண்டு, மரம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இதில் வேடிக்கை, சங்கிலி செய்கிற நொதியை முடுக்கிவிடுவதே உள்ளே நுழைந்த உலோகம்தான். திருடன் மிதித்த படியே மணி அடிக்கிற மாதிரி.

சங்கிலி போட்டாயிற்று. இனி அடைக்க வேண்டும். செடியின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரிய நீர்ப்பை இருக்கிறது. வேண்டாத சாமானைப் பரணில் போட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி, கட்டின உலோகத்தை அந்தப் பைக்குள் தள்ளி வைத்துவிடும். வேலை நடக்கிற இடத்தில் விஷம் இல்லை. செடி பிழைத்தது.

இங்கேதான் பெரியவரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. விஷம் போய்விடவில்லை. அழியவும் இல்லை. உலோகம் அழியாது. செடி அதை ஒளித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கே ஒளித்து வைத்தது என்பதுதான் நமக்கு முக்கியம். வேரில் வைத்து, நாம் மணியைத் தின்றால் பிழைத்தோம். இலையில் வைத்து, நாம் இலையையே கடைந்து தின்றால்?

துத்தநாகமும் தாமிரமும் நிக்கலும் மிஞ்சினால், நமக்குக் கெடுதல் வரும் அளவை எட்டுவதற்கு முன்பே பயிர் வெளுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். ஈயம், குரோமியம் பெரும்பாலும் வேரோடு நிற்கும். காட்மியம்தான் இந்த இரண்டுக்கும் தப்பியது. கீரைகளில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுக் கட்டுப்பாடு. அதைத் தாண்டின பிறகும் கீரைக்கு ஒன்றும் ஆகாது. தளதளவென்றுதான் நிற்கும். முளைக்கீரை இனமோ காட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் கெட்டிக்கார இனம். உடம்புக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறினால் பத்து, இருபது ஆண்டு கிளம்பாது.

ஜப்பானில் ஜின்ட்சு என்று ஓர் ஆறு. மேலே கமியோகா சுரங்கம். துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். கழிவு ஆற்றில் வந்தது. ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைந்தது. அந்த அரிசியைப் பல வருஷம் தின்ற ஜனங்களில், முக்கியமாகப் பிள்ளை பெற்று வயதான பெண்களுக்கு, எலும்பு மெலிந்து இருமினாலே ஒடியும் நிலை வந்தது. வலி தாங்காமல் "இதாய், இதாய்" என்று அழுதார்களாம். "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். நோய்க்குப் பெயரே அதுவாகிவிட்டது. காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. சுமார் 860 ஹெக்டேர் வயலின் மண்ணைச் சீர்படுத்தி முடிக்க 2012 ஆயிற்று. அந்த வயல்களிலும் நெல் பச்சையாகத்தான் நின்றது.

நெல்லில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. வேரின் நீர்ப்பைக்குள் காட்மியத்தைத் தள்ளுகிற ஒரு 'காவல்காரன்' நெல்லில் இருப்பதை 2010-ல் ஜப்பானியர் கண்டார்கள். அவர்களுடைய நிப்பான்பாரே ரகத்தில் அந்தக் காவல்காரன் ஒழுங்காக வேலை செய்கிறான். அஞ்சனா தான் என்கிற ரகத்தில் அவன் தூங்குகிறான். காட்மியம் மேலே ஏறிவிடுகிறது. பிற்பாடு அவர்கள் கொஷிஹிகாரி ரகத்தின் விதையில் கதிர் பாய்ச்சி, காட்மியம் நுழைகிற வாசலே பழுதான ஒரு நெல்லை எடுத்தார்கள். அதன் மணியில் காட்மியம் மிகமிகக் குறைவு. ஆக, வரும் காலத்தில் ரகம் மூலமாகவே ஒரு வழி பிறக்கலாம்.

தண்ணீர் கட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. வயலில் தண்ணீர் நின்றால் சேற்றில் கந்தகம் காட்மியத்தைக் கட்டிப்போடும். வடித்துக் காயவிட்டால் அவிழ்ந்துகொள்ளும். அதனால் ஜப்பானில், கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் தண்ணீரை வடிக்காமல் நிறுத்துகிறார்கள். பாஷாணத்துக்கோ இது தலைகீழ். தண்ணீர் நின்றால்தான் பாஷாணம் கரைந்து வேருக்கு வரும். மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் ஆழ்குழாய்த் தண்ணீரில் இயற்கையாகவே பாஷாணம் வருகிறது. அங்கே காயவிட்டுப் பாய்ச்சுவதுதான் நல்லது. எந்த உலோகம் என்று தெரியாமல் பக்கத்து ஊர்க்காரர் செய்ததை நாமும் செய்தால், வினையை விலைக்கு வாங்கினது ஆகும்.

இனி நம் பாலாற்றுப் பக்கம் வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு போட்டுப் பதனிடும் காலம் வந்தது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்ததை, உச்ச நீதிமன்றம் 1996-ம் வருஷத் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் அதே விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்பு வர வேண்டியிருந்தது என்றால், இடையில் போன வருஷங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்து விவசாயிகள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தென்னை காய்ப்பு விழுவதும் நெல் கருகுவதும் பெரும்பாலும் தோல் கழிவிலுள்ள சோடிய உப்பால். தோலுக்குப் போடும் பச்சைக் குரோமியம் மண்ணில் சீக்கிரம் இறுகிவிடும். பயிருக்கு ஏறுவது கொஞ்சம். பயப்பட வேண்டியது மஞ்சள் குரோமியத்துக்கு. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமிய ரசாயன ஆலை விட்டுப் போன லட்சக்கணக்கான டன் கழிவில் அது இருந்தது. கரைந்து நிலத்தடி நீருக்குள் போகக் கூடியது. அதிகம் கலந்தால் தண்ணீரே மஞ்சளாகத் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, பாய்ச்சவும் கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியவில்லை என்பதால் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். மண்ணிலே மக்கின தொழு உரம் நிறைய இருந்தால், மஞ்சள் குரோமியம் மெல்லமெல்லப் பச்சைக் குரோமியமாக மாறும். வேருக்குள்ளேயும் செடி இதே மாற்றத்தைச் செய்துகொள்கிறது. தொழு உரத்துக்கு இப்படியும் ஒரு குணம்.

சுண்ணாம்பு போடலாமா என்று கேட்பீர்கள். புளித்த மண்ணில் காட்மியம், நிக்கல் இருந்தால் சுண்ணாம்பு நல்ல மருந்து. புளிப்பு குறைய உலோகமும் இறுகும். ஆனால் மஞ்சள் குரோமியத்துக்குச் சுண்ணாம்பு உதவாது. ஏற்கெனவே உவர்ப்பான நிலத்தில் போட்டு என்ன லாபம்? மண் பரிசோதனை இல்லாமல் மூட்டையை அவிழ்க்காதீர்கள்.

"கடுகு போட்டா விஷத்தையெல்லாம் உறிஞ்சிடுமாமே, பேப்பர்ல போட்டிருந்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். முழுப்பொய் இல்லை. உலோகத்தை விரும்பிச் சேர்க்கிற செடிகள் உண்டு. நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம். அதைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பாலைக் காயவைத்தால் கால் பங்கு நிக்கல்! ஒரு வகைப் பெரணி பாஷாணத்தை மளமளவென்று ஏற்றுகிறது என்று 2001-ல் அமெரிக்காவில் கண்டார்கள். கடுகும் ஓரளவு ஏற்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் ஏறத்தாழ 900 டன். அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் என்றால் மொத்தம் நாலரைக் கிலோ. ஒரு போகத்தில் காய்ந்த செடி 2 டன் எடுத்து, அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்தால் வெளியே போவது 100 கிராம். பாதியைக் குறைக்கவே இருபது போகத்துக்கு மேல் ஆகும். அத்தனை செடியையும் எருக்குழியில் போடக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது, அடுப்பெரிக்கக் கூடாது. எங்கே கொண்டு போவீர்கள்? ஆராய்ச்சிக்கு நல்ல விஷயம். நம் வயிற்றுப்பாட்டுக்கு இப்போது ஆகாது.

தாங்குகிற செடிக்கு அதற்கான செலவும் உண்டு. வேல்ஸ் நாட்டில் பழைய ஈயச் சுரங்க மண்மேட்டில் சில புல்வகைகள் ஜம்மென்று வளர்கின்றன. அதே புல்லின் விதையை நல்ல மண்ணில் சாதாரணப் புல்லோடு விதைத்தால் தோற்றுப்போகிறது. சங்கிலி செய்யவும் பரண் கட்டவும் போகிற சக்தி விளைச்சலில் குறைகிறது. உங்கள் வயலில் உரத்தில் குறை இல்லை, பூச்சி இல்லை, ஆனாலும் வருஷா வருஷம் மகசூல் இறங்குகிறது என்றால் இதையும் ஒரு காரணமாக யோசியுங்கள்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். கீரையில் காட்மியம் அளவுக்கு மேலேதான் இருந்தது. அன்றைக்கு அவர் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "பேரப் புள்ளைங்க தினமும் தின்னுச்சே சார், அதுக்கு என்னா பண்றது?" என்று கேட்டார். அவர் மருமகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது சுலபமாக இல்லை.

உள்ளே போனதை எடுக்க மருந்து இல்லை; இன்றைக்கே நிறுத்துங்கள் என்றேன். சோகை பிடித்த உடம்பு காட்மியத்தை அதிகம் உறிஞ்சும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போதுமான உடம்பு குறைவாக உறிஞ்சும். அதனால் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கேழ்வரகு, மோர், வேறு நல்ல நிலத்து முருங்கைக்கீரை கொடுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோகை இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். அந்த அரை ஏக்கரில் அவர் பிறகு சம்பங்கி போட்டார். வருமானம் முன்போல இல்லை. தினசரிக் காசு நின்றுபோனதில் வீட்டம்மாவுக்கு வருத்தம். கீரையை மேட்டு நிலத்தில், கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சமாகப் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் பூ, பருத்தி, சவுக்கு, மூங்கில் போடலாம். கீரை, கிழங்கு, முள்ளங்கி, மாட்டுத்தீவனம் வேண்டாம். இலவசமாகக் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று லாரியில் வருகிற ஆலைக் கசடை, எரு என்று நம்பி வாங்காதீர்கள். ஒரு தடவை கொட்டினது பேரன் காலத்துக்கும் கிடக்கும். சாலையோர நிலத்தில் இலைமேல் படிகிற தூசியிலும் ஈயம் இருக்கலாம். அது பெரும்பாலும் மேல்பூச்சுதான். கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் அநேகமாகப் போய்விடும். உள்ளே ஏறின காட்மியம் அலசினாலும் வேகவைத்தாலும் போகாது.

சாதாரண மண் பரிசோதனைச் சீட்டில் கன உலோகம் வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கோவையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்திலோ உங்கள் வேளாண் விரிவாக்க அலுவலர் மூலமாகவோ விசாரியுங்கள். மாதிரி எடுக்கும்போது துத்தநாகப் பூச்சுப் பூசின வாளியோ துருப்பிடித்த மண்வெட்டியோ வேண்டாம், அதிலிருந்தே உலோகம் ஒட்டிக்கொள்ளும். மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். வாய்க்கால் தலைமாட்டில் ஒரு மாதிரி, கடைமடையில் ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுங்கள். கழிவு முதலில் இறங்குவது தலைமாட்டில்தான். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வருகிறவரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். பாய்ச்சுகிற தண்ணீரில் ஒரு லிட்டரும், அதே நிலத்தில் விளைந்த கீரையோ நெல்லோ கொஞ்சமும் கூடவே அனுப்புங்கள். பயிரில் ஏறியிருக்கிறதா என்பது மண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது.